சவுரி நாய் இருந்த ஐந்து வாரம்

இதை எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவள். பத்தாவது பாதியில் நின்றுவிட்டது. நாய்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஜாதியில் ஒரே ஒரு நாயைத்தான் தெரியும், அதுவும் ஐந்து வாரம். அதை வைத்துக்கொண்டு அந்த ஜாதியே இப்படி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாலு பேர் கூடின இடத்தில் என்னைப் பேசச் சொன்னால் பக்கத்தில் இருப்பவளைக் கைகாட்டிவிடுவேன். மகளிர் குழுக் கூட்டத்தில்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து எழுந்து வருகிறவள். ஒரே ஒரு தடவை வெளியாட்கள் முன்னால் வாயைத் திறந்தேன். அதுவும் இதில் வரும். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலைப் பார்த்த வரிசையில் இருக்கிறது. வீட்டுக்காரர் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். நான் கருவாடு போடுகிறேன். எங்களுக்கு ஒரே பையன். அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று தடவை படகில் ஏற்றிப் பார்த்தார்கள். அலை தாண்டின உடனே வாந்தி ஆரம்பிக்கும், கரைக்குத் திரும்பும் வரை நிற்காது. மூன்றாவது தடவை வாந்தியில் ரத்தம் வந்தது. படகில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இவனுக்குப் பஸ்ஸுதான் சரி நைனா, படகு வேணாம்" என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வலையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பிறகு பையன் டிரைவிங் கற்றுக்கொண்டு சென்னையில் ஒரு வீட்டில் கார் ஓட்டப் போனான். வயதான புருஷன் பெண்டாட்டி, இரண்டே பேர். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நாலு வருடமாக அங்கேதான் இருந்தான். தீபாவளிக்கு வந்தால் முகத்தில் சதை போட்டிருக்கும். அவன் கடலில் இல்லை, தரையில் படுத்துத் தூங்குகிறான் என்ற நினைப்பில்தான் நான் தூங்கினேன்.

அந்த வீட்டு அம்மாவின் நாய்தான் இது. அவர்களுடைய பெண்ணுக்கு வெளிநாட்டில் இரண்டாவது பிரசவம். இரண்டு பேரும் ஐந்து வாரம் போய் இருக்க வேண்டும். முன்பு ஒரு தடவை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் விட்டதற்கு, அது நாலு நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். அந்த அம்மா பயணத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். என் பையன், யாரும் கேட்காமலே, "எங்க அம்மா பாத்துப்பாங்க மேடம்" என்று சொல்லிவிட்டான். நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்திருப்பான். அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன், ஆனால் சொல்லியிருக்க மாட்டேன்.

காரின் பின் சீட்டிலிருந்து ஒரு கூடையை எடுத்துக் கீழே வைத்தான். உள்ளே நாய் இருப்பது எனக்குத் தெரியவில்லை. யாரோ அவிழ்த்து வைத்த சவுரி முடி என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி, எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உனக்கு சவுரி வாங்கியாந்துகிறானா புள்ள? இந்த வயசுல கொண்டை போடப் போறியா?" என்றாள். அந்த நேரத்தில் சவுரி எழுந்து நின்று அவளைப் பார்த்துக் குரைத்தது. அவள் இரண்டடி பின்னால் போனாள். அன்றிலிருந்து குப்பம் முழுக்க அதற்குச் சவுரி நாய் என்றுதான் பெயர். அதன் சொந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஜாதியின் பெயர் டெரியர் என்று பையன் சொன்னான். அதற்கு முன்னால் ஏதோ ஒரு ஊரின் பெயரும் உண்டு, அதை நான் பிடித்துக்கொள்ளவில்லை.

எடை மூன்று கிலோ இருக்கும். தூக்கிப் பார்த்தே சொல்கிறேன், மீன் தூக்கிப் பழகிய கை. ஒரு நடுத்தர வஞ்சிரம் அவ்வளவு வரும். முதுகு முழுக்க நீள முடி, வலையில் கட்டும் ஈயத்தின் நிறம், வெயிலில் கொஞ்சம் நீலம் அடிக்கும். தலையிலும் காலிலும் மட்டும் காய்ந்த தென்னங்கீற்றின் நிறம். கழுத்திலிருந்து வால் வரைக்கும் நடுவில் நேராக ஒரு வகிடு. முடி இரண்டு பக்கமும் விழுந்து தரையைத் தொடும். அதனால் நடக்கும்போது கால்கள் தெரியாது, உருண்டு போகிற மாதிரி இருக்கும். கண்ணில் விழாமல் இருக்க நெற்றி முடியைச் சேர்த்துச் சின்ன ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். காது இரண்டும் சின்னதாக, எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். கண் கருப்பு. அந்தக் கண்ணில் சந்தேகம் இல்லாத நேரமே கிடையாது.

ஒரு பையும் கூட வந்தது. இரண்டு சீப்பு, ஒரு பிரஷ், முடியில் அடிக்க ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டப்பா ரப்பர் பேண்ட். அந்த அம்மா தன் கையால் தமிழில் எழுதின ஒரு தாளும் இருந்தது. அழகான கையெழுத்து. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, சோறு கொஞ்சம். தினமும் இருபது நிமிடம் முடி வார வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் பயப்படும், மடியில் வைத்துக்கொள்ளவும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது: முடியை வெட்டக் கூடாது.

"தரைய தொடுறதுக்கு நாலு வருஷம் ஆச்சாம்" என்றான் பையன். "ஹால்ல இதோட போட்டோதான் பெருசா மாட்டி வெச்சிகிறாங்க. பேத்தி போட்டோ கூட சின்னதுதான்."

"உப்புக் காத்துல இந்த முடி நிக்குமாடா?"

"நிக்க வை. வேற இன்னா செய்யணும்னாலும் போன் பண்ணு. அந்த முடிய மட்டும் பாத்துக்கோம்மா. என் வேலையே அதுலதான் கீது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் காரில் ஏறும் முன் திரும்பி வந்து மறுபடியும் சொன்னான்.

அதன் குணத்தைப் பற்றி எழுதுகிறேன். முதல் விஷயம், தான் சின்ன நாய் என்பது அதற்குத் தெரியாது. யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. வந்த மறுநாள் காலையில் எங்கள் தெரு நாய்கள் ஐந்தும் வாசலுக்கு வந்தன. நான் விளக்குமாற்றை எடுப்பதற்குள் இது நேராக அவற்றின் நடுவில் போய் நின்றது. ஓடவில்லை, குரைக்கவும் இல்லை. காதை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தது. அந்த ஐந்தும் இதை என்ன என்று கண்டுபிடிக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. அதிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டும்போது அவை சுற்றிக்கொண்டுதான் போகும். இது ஐஸ் ஏற்றி வரும் வண்டியைப் பார்த்துக் குரைக்கும். கடலைப் பார்த்துக் குரைக்கும். அலை பின்வாங்கும்போது தான்தான் துரத்திவிட்டதாக நினைத்துத் திரும்பி என்னைப் பார்க்கும். அடுத்த அலை வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் ஆனாலும் சலிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும் எனக்குத்தான் அசதியாக இருக்கும்.

இரண்டாவது, தோண்டுவது. மணலில் நண்டு வளை தெரிந்தால் போதும், மூக்கை உள்ளே விட்டு முன்னங்காலால் மணலை வாரிப் பின்னால் எறியும். தலை உள்ளே போய்விடும், முதுகு முடி மட்டும் வெளியே விரிந்து கிடக்கும். ஒரு நண்டையும் பிடித்ததில்லை. ஒரு வளையையும் விட்டதில்லை. "சவுரிய மண்ணுல போட்டு வெச்சிகிறா பாரு" என்று போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஓடிப் போய்த் தூக்குவேன். முடியில் அரைப்படி மணல் இருக்கும்.

மூன்றாவது, பிடித்தால் விடாது. படகுத் துறைக்குப் பக்கத்தில் வலை மூட்டைகள் கிடக்கும் கொட்டகையில் பெருச்சாளித் தொல்லை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் அங்கே நுழைந்து, தன்னில் பாதி இருக்கும் ஒரு பெருச்சாளியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வந்தது. தலையை இடமும் வலமும் நாலு உதறு. அவ்வளவுதான். பிறகு அதை என் வீட்டுக்காரரின் காலடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டது. அவர் அதுவரை அந்த நாயை ஒரு பொருளாக மதித்ததே இல்லை. "இன்னாமே இது, நாயா பிசாசா?" என்றார். எலி பிடிப்பதற்காகவே வளர்த்த ஜாதி, அழகெல்லாம் பிறகு வந்ததுதான் என்று பையன் போனில் சொன்னான். அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போது ஒரு துண்டு மீனை முள் எடுத்துத் தண்ணீரில் அலசி அதற்குப் போடுவார். எனக்கு அவர் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. சும்மா சொல்கிறேன், குறையாக இல்லை.

நான் விடியும் முன் எழுந்து துறைக்குப் போய் மீன் எடுத்து வந்து, கழுவி, உப்புப் போட்டு, வெயில் ஏறும்போது பரப்புகிறவள். மத்தியானம் புரட்ட வேண்டும், சாயங்காலம் அள்ள வேண்டும். இடையில் நண்டு வலை வந்தால் நண்டு எடுக்கப் போக வேண்டும். வலையில் சிக்கின நண்டு லேசில் வராது, காலை ஒடித்துத்தான் எடுப்போம். அந்தக் கால்களுக்காக நாய் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இத்தனைக்கும் மேல் சாயங்காலம் அதன் முடி. தாளில் இருபது நிமிடம் என்று போட்டிருந்தது. எங்கள் காற்றில் உப்பும் மணலும் மீன் எண்ணெயும் சேர்ந்து அது ஒரு மணி நேரம் ஆகும். நுனியிலிருந்து ஆரம்பித்து, சிக்கை விரலால் பிரித்து, மேலே மேலே போக வேண்டும். என் தலையை நான் அப்படி வாரிக்கொண்டு எத்தனையோ வருடம் ஆகிறது. முதலில் உறுமும். பிறகு முகவாயை என் முழங்காலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடும். நாள் முழுக்க ஓய்வில்லாத அந்த உடம்பு அப்போது மட்டும் கனமாக ஆகும். எனக்கும் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார அது ஒன்றுதான் நேரம். எழுந்தால் அடுத்த வேலை இருக்கும். அதனால் சில நாள் சிக்கு எடுத்து முடித்த பிறகும் வாரிக்கொண்டே இருப்பேன்.

நாலாவது வாரம் அது நடந்தது.

நெத்திலி காயப் போட்டிருந்தேன். காக்கா வராமல் இருக்க மீனுக்கு மேல் ஒரு பழைய நரம்பு வலையை விரித்து நாலு மூலையிலும் கல் வைப்போம். கண்ணாடி மாதிரித் தெரியும் நைலான் நரம்பில் பின்னின வலை அது. தொழிலுக்கு ஆகாது என்று மூன்று வருடத்துக்கு முன்பே தூக்கிப் போட்டது. நாய்க்குக் காக்கா விரட்டுவது பிடித்த வேலை. நானும் அதை நம்பி உள்ளே சோறு வடிக்கப் போனேன். ஒரு காக்கா கல் நகர்ந்த மூலை வழியாக வலைக்குக் கீழே நுழைந்திருக்கிறது. இதுவும் பின்னாலேயே நுழைந்திருக்கிறது. காக்கா வெளியே வந்துவிட்டது. நாய் வரவில்லை.

சத்தம் கேட்டு ஓடினேன். குரைப்பு இல்லை, ஒரு மாதிரி கிறீச்சென்ற சத்தம். அது உருண்டு உருண்டு வலை முழுவதையும் தன்மேல் சுருட்டிக்கொண்டிருந்தது. வேறு நாயாக இருந்தால் மிரண்டு நின்றிருக்கும், நின்றால் அவிழ்த்திருக்கலாம். இது வலையோடு சண்டை போட்டது. கடித்து உதறியது. உதற உதற நரம்பு முடிக்குள் இறங்கி, முடி நரம்பைச் சுற்றிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் ஒரே உருண்டையாக ஆகிவிட்டது. மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விரலால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தேன். ஒன்று பிரித்தால் இரண்டு இறுகியது. நல்ல வெயில். என் கையை இரண்டு இடத்தில் கடித்தது. பிறகு கடிப்பதை நிறுத்திவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு இறுகி, நாக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

ஓரகத்தி கத்தரிக்கோலோடு வந்தாள். "நான் காலப் புடிச்சிக்கிறேன், நீ வெட்டுக்கா. பாத்துகினு இருந்தா செத்துடும்."

"முடிய வெட்டக் கூடாதுன்னு எழுதிகிறாங்கடி."

"உசுரு போனா முடிய வெச்சிகினு இன்னா பண்ணுவாங்க? சவுரியா கட்டிப்பாங்களா?"

வெட்டினேன். கழுத்தில் ஆரம்பித்தேன். நரம்பு தளர்ந்ததும் அது மூச்சை இழுத்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பிறகு மார்பு, வயிறு, இரண்டு விலா, பின்னங்கால். தோலோடு ஒட்டி ஒட்டி வெட்ட வேண்டியிருந்தது. முடி கொத்துக் கொத்தாக வலையோடு வந்தது. ஓரகத்தி கடைசிக் கொத்தை உருவி, வலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒரு கண்ணி கூட அறுக்கலக்கா. முழுசா வந்துட்ச்சி" என்றாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. எனக்கும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. வலையை உதறி, மடித்து, வேலி மேல் போட்டாள்.

வீட்டுக்காரர் வந்து முதலில் வலையைத்தான் பார்த்தார். "கிழிஞ்சிதா?" என்றார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் நாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

முடி இல்லாமல் அது கையடக்கமாக இருந்தது. விலா எலும்பு எண்ணலாம். தோல் சாம்பல் நிறம், அங்கங்கே கத்தரி பட்ட கோடு. தலையில் மட்டும் அந்த ரப்பர் பேண்ட் போட்ட குடுமி அப்படியே நின்றது. "இப்ப இதுவே எலியாட்டம் கீது" என்றாள் ஓரகத்தி. ஆனால் குணம் அப்படியே இருந்தது. அரை மணி நேரம் கழித்து எழுந்து நின்று ஒரு உதறு உதறியது. இல்லாத முடியை உதறியது. பிறகு வேலி அடியில் போய் வலையைப் பார்த்துக் குரைத்தது. தெரு நாய்கள் வந்து பார்த்தன. இது அதே மாதிரி நடுவில் போய் நின்றது. அவை அதே மாதிரி நகர்ந்து போயின. அப்போது, அந்த நாய்களை அனுப்பியது முடி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பையனுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டது என்று நினைத்து இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"கீறேம்மா" என்றான். "எவ்ளோ வெட்ன?"

"தல தவிர எல்லாம்."

"சரி. நான் பாத்துக்கிறேன். பூச்சி புடிச்சிட்ச்சி, பொன்னேரில டாக்டர் எடுக்க சொல்ட்டாருன்னு சொல்லிக்கிறேன். யார் கேட்டாலும் நீ வாயத் தொறக்காத."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. சரி என்றேன்.

மிச்சம் இருந்த நாளெல்லாம் சாயங்காலம் நான் சீப்பை எடுத்ததும் அது மடியில் வந்து உட்காரும். வார ஒன்றும் இல்லை. அரை விரற்கடை முடி வளர்ந்திருந்தது, பஞ்சு மாதிரி. பழக்கத்துக்குக் கையால் தடவிக்கொண்டிருப்பேன். ஒரு வாரத்தில் தரையைத் தொடும் அளவுக்கு வளர்ந்துவிடாதா என்று நினைத்ததும் உண்டு. படித்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்த அம்மாவும் அவர் கணவரும் ஊர் திரும்பியதற்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பையனை மட்டும் அனுப்பாமல் அவர்களே வந்துவிட்டார்கள். அந்த அம்மாவால் பொறுக்க முடியவில்லையாம். வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது பையன் தனியாக வந்து போனில், "நீ உள்ளயே இரும்மா, வெளிய வராத" என்றான். கார் சத்தம் கேட்டதும் நான் சமையல் இடத்தில் போய் நின்றுகொண்டேன். வீட்டுக்காரர் வாசலில் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். கீற்றுத் தடுப்பு வழியாக எல்லாம் தெரிந்தது, கேட்டது.

நாய் காரின் சத்தத்துக்கே ஓடியது. அந்த அம்மா குனிந்து கையை விரித்தவர், விரித்தபடி நின்றுவிட்டார். என் வயதை விடப் பத்து வயது கூட இருக்கும். வெள்ளைத் தலை, கண்ணாடி. நான் நினைத்த மாதிரி அதட்டுகிறவர் இல்லை.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

பையன் சொன்னான். பூச்சி, பொன்னேரி, டாக்டர். ஒப்பித்த மாதிரி வந்தது.

"என்ன பூச்சின்னு சொன்னார்? மருந்து ஏதாவது குடுத்தாரா?"

"ஏதோ தடவினாரு மேடம். பேரு தெரியல."

"ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"டென்ஷன் ஆவீங்கன்னு..."

அவர் கணவர் காரில் சாய்ந்துகொண்டு பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நாயை மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கத்தரிக் கோடுகளை விரலால் தடவினார். "என் தப்பு" என்றார். "போகும்போது கழுத்தைச் சொறிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. அப்பவே டாக்டர்கிட்ட காட்டியிருக்கணும். டிக்கெட்டு டிக்கெட்டுன்னு பறந்தேன். வியாதியோட விட்டுட்டுப் போயிட்டேன்." அழவில்லை, ஆனால் குரல் சரியாக இல்லை. "எவ்வளவு அரிச்சிருக்கும். வாயில்லாத ஜீவன்."

நாய் அவர் மடியிலிருந்து குதித்து, நேராக உள்ளே வந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என் காலடியில் நின்றது. அந்தப் பக்கம் திரும்பி அவரைப் பார்த்துக் குரைத்தது. பிறகு என்னைப் பார்த்துக் குரைத்தது. இரண்டு பேரும் ஏன் இரண்டு இடத்தில் இருக்கிறோம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வந்தது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை. பையன் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

"வியாதி ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "நீங்க விட்டுட்டுப் போனதால ஒண்ணும் வரல. கருவாடு மேல போட்ட வலையில மாட்டிக்கிச்சு. கழுத்து இறுகிட்ச்சி. நான்தான் முடிய வெட்டினேன்."

அந்த அம்மா எழுந்து வந்து என் கையில் ஆறிக்கொண்டிருந்த கடிக் காயத்தைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். வலை அங்கேதான் மடித்துக் கிடந்தது. இரண்டு கொத்து முடி அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வலையா?"

"ஆமாம்மா."

"இது பழசுதானே?"

"மூணு வருஷமா தொழிலுக்குப் போறதில்ல."

"அப்போ வலையை வெட்டியிருக்கலாமேம்மா" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி, தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் தன் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் வலையைப் பார்த்தார். எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, அதற்குப் பிறகு ஒரு வாரம் படுத்து எழுந்தும் தோன்றவில்லை. எங்கள் கை அப்படி. சின்ன வயதிலேயே, வலை மேல் கத்தி போனால் புறங்கையில் அடி விழும். மீன் வராவிட்டால் செவுளை உடைப்போம். சட்டைப் பொத்தான் மாட்டினால் பொத்தானை அறுப்போம். ஒரு தடவை என் பின்னல் மாட்டிக்கொண்டு நாலு விரற்கடை வெட்டினதும் உண்டு. வலையை வெட்டின ஆளை நான் பார்த்ததில்லை. வலையைக் கண்ணி கண்ணியாக அறுத்துப் போட்டிருந்தால் நாய் முடியோடு வெளியே வந்திருக்கும். "தோணலம்மா" என்றேன். அது உண்மைதான். ஆனால் காதில் கேட்கும்போது நல்லாவே இல்லை.

அவர் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். பையனைப் பார்த்து, "அப்போ அந்த டாக்டர்?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பையன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பையை எடுத்துக் கொடுத்தேன். சீப்பு இரண்டு, பிரஷ், பாட்டில், தாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டு, "உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க" என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சுலபமாக இல்லை, ஆனாலும் சொன்னார். டீ போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார்கள்.

கூடையை எடுக்க உள்ளே வந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எப்பவும் வராதவ. நாலு பேரு வந்தா கதவுக்குப் பின்னாடி நிக்கிறவ. இன்னிக்கு ஏம்மா வந்த?"

"அந்தம்மா தன் மேல பழி போட்டுகினாங்கடா."

"போட்டுகினா போட்டுகினு போறாங்க. ரெண்டு நாள்ல மறந்துட்டு இருப்பாங்க. எனக்குத்தான் இப்ப." முடிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

கார் கிளம்பியதும் நாய் பின் சீட்டில் ஏறி, கண்ணாடியில் இரண்டு காலையும் வைத்து நின்றது. என்னைப் பார்க்கிறது என்று நினைத்தேன். தெரு நாய்களைப் பார்த்துத்தான் குரைத்துக்கொண்டிருந்தது. முனை திரும்பும் வரை கேட்டது. அந்த ஜாதிக்குப் பிரியும்போது துக்கப்படத் தெரியாதோ, அல்லது வேலை முடிந்த பிறகுதான் துக்கமோ, எனக்குத் தெரியாது. ஐந்து வாரத்தில் அவ்வளவு தெரிந்துகொள்ள முடியாது.

"தோணலியே நமக்கு" என்றாள் ஓரகத்தி சாயங்காலம். இரண்டு தடவை சொன்னாள். வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஒரு துண்டு மீனை முள் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவரே சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் பையன் பழவேற்காட்டில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பெட்டியோடு வந்தான். "வேணாம்னு அனுப்பிட்டாங்க" என்றான். நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன், சாப்பிட்டான். காற்று அதிகமாக இருந்ததால் அன்றைக்குப் படகுகள் போகவில்லை.